முகத்துக்கு வெளியே ஒரு கண்

மே 6, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் படியிறங்கும்போது தலையின் பின்பக்கம் யாரோ அடித்தது போல ஒரு வலி. வீட்டுக்கு வந்ததும் வாந்தி. நேற்று முழுவதும் படுக்கை. டாக்டரிடம் போகலாம் என்றார் வீட்டுக்காரர் பெனடிக்ட். மே மாத வெயிலுக்கு டாக்டர் என்ன செய்வார் என்றேன். இன்று வலி இல்லை. வேலைக்குப் போய்விட்டேன்.

போனது நல்லது. சீன் 41 என் மேஜைக்கு வந்திருந்தது.

படத்தில் மிச்சமிருக்கும் பெரிய காட்சி இதுதான். அரசி சுநந்தையின் மகன் துறவிகளோடு போய்விட்டான். அவள் மாடத்தில் நிற்கிறாள். வலப்பக்கம் அரண்மனையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பி, இடப்பக்கம், அவன் போன தெருவைப் பார்க்க வேண்டும். வேறெந்த அனிமேஷன் படத்திலும் இது அரைநாள் வேலை. எங்கள் படத்தில் அப்படி இல்லை. அறுநூறு வருடத்துக்கு முந்தைய சமண ஏடுகளில் உள்ள சித்திரங்களைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லா முகங்களையும் வரைகிறோம். அந்த ஓவியர்கள் முகத்தை முக்கால்வாசி திருப்பி வரைந்துவிட்டு, மறைந்துபோக வேண்டிய அந்தப் பக்கத்துக் கண்ணையும் விடாமல், கன்னக் கோட்டுக்கு வெளியே வரைந்து வைத்தார்கள். கண் முகத்தைவிட்டு வெளியே நிற்கும். பார்க்கப் பழகிவிட்டால் இரண்டு கண்ணும் உள்ளே இருக்கிற முகம்தான் ஊமையாகத் தெரியும்.

அப்படிப்பட்ட முகம் எப்படித் திரும்பும்? வலப்பக்கம் வெளியே இருக்கும் கண் உள்ளே வர வேண்டும். இன்னொன்று இடப்பக்கம் வெளியே போக வேண்டும். இதற்குப் பயந்துதான் எங்கள் டைரக்டர் தன்யகுமார் படம் முழுக்க யாரையும் தலை திருப்ப விடவில்லை. இந்த ஒரு முறை மட்டும். கண் வெளியே வருவதைப் பார்த்து யாரும் பயப்படக்கூடாது, பெற்றவள் எட்டிப் பார்க்கிறாள் என்று தோன்ற வேண்டும் என்றார். வழியை நான் கண்டுபிடித்தேன். அதனால் காட்சியும் என்னுடையது.

மே 7, புதன்

குளிக்கப் போகும்போது பார்த்தேன், இடது தோளில் பெரிய கன்றிப்போன தடம். எங்கே இடித்தேன் என்று நினைவில்லை.

மே 9, வெள்ளி

வளசரவாக்கம் சிக்னலில் ஓர் ஆட்டோ வானத்திலிருந்து குதித்தது போல என் ஸ்கூட்டர் முன்னால் வந்து நின்றது. ஹாரன் கூட அடிக்கவில்லை. "ஏம்மா, ஆட்டோ எவ்ளோ பெருசு, அது கண்ணுக்குத் தெரியலயா?" என்று ஓட்டுநர் என்னையே திட்டினான். இந்த ஊரில் தப்பு செய்கிறவன்தான் முதலில் கத்துவான்.

பேப்பர்காரர்களுக்கும் என்ன ஆயிற்றோ, தலைப்புகள் பாதியிலிருந்து தொடங்குகின்றன. பிழை திருத்த ஆள் இல்லை போலிருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பெனடிக்ட் எட்டிப் பார்த்து, "ஏன் ரோஸி, பாதிப் பக்கத்துலேர்ந்து எழுதுற?" என்றார். துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்குப் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் என் டைரியைத் தணிக்கை செய்கிறார்.

மே 12, திங்கள்

அரசியின் முதல் ஆறு கீ ஷீட்டுகளை முடித்துக் கொடுத்தேன். ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் நான் வரைவேன், அதுதான் கீ. இடையில் வரும் படங்களைத் துரைக்கண்ணு வரைவார். பதினெட்டு வருடமாக இப்படித்தான். முன்பு வேலை பார்த்த இடம் மூடியபோதும் இரண்டு பேரும் சேர்ந்தே வெளியே வந்தோம்.

துரைக்கண்ணு ஐந்தாவது ஷீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இது முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சாத்தானே குடுப்பேன்."

"ஒண்ணும் பாக்கி இல்லியே?"

"கண்ணத் தொறந்து பாருய்யா."

அவர் சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். "சரிக்கா" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் சாப்பிடும்போது என்னைக் கேட்காமலே என் டப்பாவை மறுபக்கமாகத் திருப்பி வைத்தார். பார்த்தால் முட்டைப் பொரியல் அப்படியே இருக்கிறது. நான் வைத்ததே மறந்துபோயிருக்கிறது.

மே 14, புதன்

ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விட்டிருக்கிறாராம் பெனடிக்ட். போன மாதம்தான் விட்டோம். கேட்டால், பிரேக்கில் சத்தம் என்கிறார். ஆட்டோவில் கூடவே வந்து ஸ்டுடியோ வாசலில் இறக்கிவிட்டார். நடக்கும்போது என் இடப்பக்கமே வருகிறார். வலப்பக்கம் போனால் நாய் போலச் சுற்றிவந்து மறுபடியும் இடப்பக்கம். ராத்திரி சாப்பாட்டில் என் தட்டைப் பாதியில் திருப்பி வைக்கிறார். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இவருக்கு வந்திருக்கும் அக்கறை எனக்குக் கொஞ்சம் சந்தேகமாகக்கூட இருக்கிறது. "டாக்டர்ட்ட ஒரு நடை போலாமா?" என்றார். "உங்களுக்கு என்ன?" என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

மே 16, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவைத்துவிட வேண்டும்.

கீ ஷீட்டை வரைந்ததும் தாளைப் புரட்டி, அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் பின்பக்கமாகப் பார்ப்பது எங்கள் வழக்கம். கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகும். முன்பக்கம் கண்ணுக்குப் பழகிப்போன பிழை அப்போது துருத்திக்கொண்டு தெரியும். இந்தக் காட்சியின் அவசரத்தில் புரட்டிப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். இன்று டைரக்டர் கையெழுத்துப் போட்ட ஆறு ஷீட்டுகளும் திரும்பி வந்தன. மனசு கேட்காமல் புரட்டிப் பார்த்தேன்.

ஐந்திலும் ஆறிலும், அரசி இடப்பக்கம் திரும்பிய பிறகு வெளியே வரும் கண், என் கோடு இல்லை.

பதினெட்டு வருடம் பக்கத்து மேஜையில் பார்த்த கை. இமை முடிகிற இடத்தில் கோட்டை மேலே இழுத்து விடுவது துரைக்கண்ணுவின் பழக்கம். என் கண்ணை அழித்துவிட்டுத் தன் கண்ணை வரைந்திருக்கிறார். என் ஷீட்டில். கேட்காமல். டைரக்டரின் பார்வைக்குப் போகிற வழியில்.

ஒருவருடைய கீயில் இன்னொருவர் பென்சில் படக்கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை இது. எழுதவேண்டிய அவசியமே வந்ததில்லை. தப்பாக இருந்தால் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு அனுப்புவோம். வரைந்தவர்தான் திருத்துவார்.

தாளை வெளிச்சத்தில் சாய்த்து ரப்பர் தடம் தேடினேன். இல்லை. சுத்தமாக அழித்திருக்கிறார்.

மே 17, சனி

எல்லாரும் வந்ததும் இரண்டு ஷீட்டையும் நடுமேஜையில் போட்டேன்.

"துரை, இது யாரு கை?"

அவர் பார்த்தார். மறைக்கவில்லை. "என் கைதான்க்கா."

வண்ணம் தீட்டும் பெண்கள் பிரஷைக் கீழே வைத்தார்கள். அவர் மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுத்திருந்தால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

"எதுக்கு?"

"அக்கா, வீட்டாண்ட வந்து பேசுறேன். இங்க வேணாம்."

"என் ஷீட்டுல கைவெக்கும்போது இங்க வெச்சுதானே வெச்ச? இங்கயே சொல்லு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தவில்லை. இத்தனை வருடம் என் முதுகுக்குப் பின்னால் எத்தனை ஷீட்டில் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். படத்தில் உன் பேர் மேலே வர வேண்டும் என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம் என்றேன். திருடன் என்ற வார்த்தையையும் சொன்னேன்.

தன்யகுமார் வந்து, "துரை அண்ணே, ஏதாவது சொல்லுங்க" என்றார். துரைக்கண்ணு, "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல சார். தப்புதான்" என்றார். வேறு வழியில்லாமல் அவரை இந்தப் படத்திலிருந்து நீக்கினார் தன்யகுமார். துரைக்கண்ணு தன் பென்சில்களைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். கதவருகில் நின்று என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

மே 19, திங்கள்

நடந்ததைப் பெனடிக்டிடம் இன்றுதான் சொன்னேன். கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவனையா?" என்றார். எழுந்து பால்கனிக்குப் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

மே 22, வியாழன்

துரைக்கண்ணு தொட்ட இரண்டு ஷீட்டையும் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தேன். மிச்சத்தையும் முடித்தேன். இடைப்பட்ட படங்களை வேறு இருவர் இரவும் பகலுமாக வரைந்தார்கள். துரைக்கண்ணுவுக்கு நடந்ததைப் பார்த்தவர்கள், என் கீயைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் புரட்டிப் பார்க்கவோ, தன்யகுமாருக்கு ஷீட்டுகளைப் பார்க்கவோ நேரமில்லை. நாளை, படத்துக்குப் பணம் போட்டவர்கள் வருகிறார்கள். காகிதத்தில் இருக்கும் கோடுகளை அப்படியே படம்பிடித்து ஓட்டிக் காட்டப் போகிறோம். இந்தத் திருப்பம் பிடித்தால்தான் மிச்சப் படத்துக்கு வழி.

மே 23, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காட்சியை ஓட்டினார்கள். அரசி மாடத்தில் நின்றாள். திரும்பினாள். என் மனதில் இருந்தபடியே திரும்பினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு. அப்போது பின்னாலிருந்து யாரோ "ஐயோ" என்றார்கள். வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். விளக்கைப் போட்டார்கள்.

தன்யகுமார் கடைசிப் படத்தைத் திரையில் நிறுத்தினார். "மேடம், கண்ணு எங்க?"

"எந்தக் கண்ணு?"

"வெளிய வர்ற கண்ணு. அதுக்காகத்தானே இந்த சீனே."

"இருக்கே."

"எங்க மேடம் இருக்கு?"

எனக்கு அவர் கேட்பதே புரியவில்லை. முழு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான, முடிந்த முகம். துரைக்கண்ணுவின் நண்பர்கள் யாராவது கம்ப்யூட்டரில் எதையாவது அழித்திருப்பார்கள், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "ஒரிஜினல் ஷீட்டக் கொண்டு வாங்க" என்றேன். கொண்டுவந்தார்கள். பார்த்தேன். "இதோ இருக்கு பாருங்க. இதுல சரியா இருக்கு" என்றேன். அந்த அறையில் அத்தனை பேரும் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

தன்யகுமார் குரல் மாறிவிட்டது. "மேடம், ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று என்னை லைட் பாக்ஸ் முன்னால் உட்கார வைத்தார். தாளைப் புரட்டி வைத்தார்.

பின்பக்கத்தில் அரசி வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னக் கோடு இறங்கி, தாடையில் வந்து பாதியில் நின்றது. அதற்கு வெளியே ஒன்றுமில்லை. வெள்ளைத் தாள். கண் இல்லை. மூக்கில் பாதி இல்லை, கிரீடத்தின் அந்தப் பக்க விளிம்பும் இல்லை. யாரோ முகத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது.

அடுத்த ஷீட்டைப் புரட்டினேன். அதிலும் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. தாளை முன்பக்கம் திருப்பினால் முகம் முழுதாகிவிடுகிறது. பின்பக்கம் திருப்பினால் பாதி. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேனாம்; தன்யகுமார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அழித்த தடம் ஏன் இல்லை என்று அப்போது புரிந்தது. அழிப்பதற்கு அங்கே எதுவும் இருந்ததில்லை.

மே 24, சனி

மருத்துவமனை. ஸ்கேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். என் எதிரில் நின்று இரண்டு கைகளையும் விரித்து, எந்தக் கையில் விரல் அசைகிறது என்று கேட்டார். இந்தக் கை என்று ஒவ்வொரு முறையும் ஒரே கையைக் காட்டினேன்.

"உங்க கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். "கண்ணு பாக்குறத வாங்கிக்கிற எடம் மூளைல இருக்கு. அங்க ஒரு அடைப்பு. அன்னிக்கு தலைவலின்னு சொன்னீங்களே, அதுதான். இடப்பக்கம் இருக்கிறது உங்களுக்கு வந்து சேரல. சேரலங்கிறதும் உங்களுக்குத் தெரியாது."

திரும்ப வருமா என்று கேட்டேன். கொஞ்சம் வரலாம், முழுசாக என்று சொல்ல முடியாது, இன்னொரு அடைப்பு வராமல் பார்ப்பதுதான் இப்போது முக்கியம் என்றார். தன் நோயாளியிடம் பொய் சொல்லாத டாக்டர். நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். மே ஆறிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் பாதி காலி.

மே 26, திங்கள்

அரும்பாக்கத்தில் துரைக்கண்ணு வீடு. பெனடிக்ட் கூட வந்தார். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இப்போது தனியாகத் தெருவைக் கடக்க எனக்குப் பயம்.

துரைக்கண்ணு லுங்கியோடு வந்து கதவைத் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "டாக்டர்ட்ட போனீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"அஞ்சாவது ஷீட்டுல. மொதல்ல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஆறுலயும் இல்ல. சாப்பாட்டுல ஒரு பக்கம் அப்பிடியே இருக்கு. எங்க மாமாவுக்கு இந்த மாதிரி இருந்துச்சுக்கா, பக்கவாதம் வந்தப்ப."

"என்கிட்ட சொல்லிருக்கலாமே, துரை."

"கேட்டேனே. பாக்கி இல்லியான்னு கேட்டேன். கண்ணத் தொறந்து பாருன்னீங்க." முதல் முறையாகக் கொஞ்சம் சிரித்தார். "உங்ககிட்ட போயி, உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லச் சொல்றீங்களா? டைரக்டர் பாத்தா சீன உங்ககிட்டேர்ந்து எடுத்துருவாரு. ரெண்டு நாள்ல டாக்டர்ட்ட போயிருவீங்க, அதுவரைக்கும் சமாளிக்கலாம்னு வரஞ்சேன். அதான் அண்ணன்கிட்ட அன்னிக்கே போன்ல சொல்லிட்டேனே."

எந்த அண்ணன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. என் இடப்பக்கம் பெனடிக்ட் உட்கார்ந்திருந்தார். தலையை முழுதாகத் திருப்பினால்தான் அவரைப் பார்க்க முடியும். திருப்பினேன்.

"பயமா இருந்துச்சு ரோஸி" என்றார். "டாக்டர் ஏதாவது சொல்லிட்டார்னா அது நெசமாயிருமேன்னு. நாளைக்குப் போலாம் நாளைக்குப் போலாம்னு தள்ளிட்டேன். அவனப் போகச் சொல்லிட்டேன்னு நீ வந்து சொன்னப்ப, நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அப்பவும் சொல்ல வாய் வரல."

ஸ்கூட்டர். தட்டு. ஆட்டோ. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. இருவருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. யாரிடம் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை எனக்கு.

துரைக்கண்ணுவிடம், "நான் சொன்னது தப்பு. மன்னிச்சிரு. வந்துரு" என்றேன்.

அவர் உள்ளே பார்த்து இரண்டு டீ சொன்னார். பிறகு, "விளம்பரக் கம்பெனி ஒண்ணுல கூப்ட்டுருக்காங்க. ஒண்ணாந்தேதி சேரணும்" என்றார்.

"அப்ப வரமாட்டியா?"

"அக்கா, நீங்க என்னத் திருடன்னு சொன்னப்ப அந்த ரூம்ல எல்லாரும் இருந்தாங்க. அந்தக் கலர் போடுற பொண்ணுங்க எம்பொண்ணோட படிச்சதுங்க. இங்க, என் வீட்ல உக்காந்து மன்னிப்புக் கேட்டா அது எனக்கு மட்டும்தானே கேக்கும்?"

டீயைக் குடித்துவிட்டு வந்தோம். வழியில் பெனடிக்டோடு பேசவில்லை. ஆனால் தெருவைக் கடக்கும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மே 28, புதன்

என்னால் சீன் 41ஐ முடிக்க முடியாது என்று தன்யகுமாரிடம் சொன்னேன். பணம் போட்டவர்கள் இன்னொரு முறை பார்க்கச் சம்மதித்திருக்கிறார்களாம், அதுவும் அரைமனதோடு. "வேற யாரு மேடம் இருக்கா? நீங்க கண்டுபிடிச்ச திருப்பம் இது" என்றார்.

"துரைக்கண்ணு இருக்கார். எல்லாரையும் கூப்பிடுங்க."

நான் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டதால் துரைக்கண்ணுவும் வந்திருந்தார். கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

அதே நடுமேஜை. என் ஷீட்டுகளை எடுத்துப் புரட்டி வைத்தேன். வண்ணம் தீட்டும் பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "இது என் கை" என்றேன். "இடப்பக்கம் எனக்குத் தெரியல. எனக்குத் தெரியலங்கிறதும் தெரியல. துரைக்குத் தெரிஞ்சுச்சு. என் சீன் போயிரக்கூடாதுன்னு அவர் வரஞ்சு குடுத்தார். அவர நான் இதே எடத்துல திருடன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் திருடல. எங்கிட்ட இல்லாதத எனக்குக் குடுத்தார்."

குரல் நான் நினைத்ததைவிட நன்றாகவே நின்றது. கடைசியில்தான் உடைந்தது.

துரைக்கண்ணு வந்து தாள்களை ஒன்றாகத் தட்டி அடுக்கினார். "போதும்க்கா. இன்னும் கொஞ்சம் விட்டா எனக்கு சிலை வெப்பீங்க போலிருக்கு" என்றார். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். "விளம்பரக் கம்பெனிக்கு நாளைக்குப் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன். எந்த ஷீட்லேர்ந்து ஆரம்பிக்கணும்?"

மே 30, வெள்ளி

பெனடிக்ட் மாத்திரை டப்பாவில் காலை, மதியம், இரவு என்று எழுதி ஒட்டியிருக்கிறார். இன்று அவரோடு பேசினேன். உப்பு குறைவு என்று சொன்னேன்.

ஜூன் 3, செவ்வாய்

வேலை இப்படி நடக்கிறது. அரசி வலப்பக்கம் பார்க்கும் வரை நான் வரைகிறேன். அவள் நேராக வந்ததும் தாளைத் துரைக்கண்ணுவிடம் தருகிறேன். எங்கே கண் கன்னத்தை அழுத்த வேண்டும், எப்போது தாண்ட வேண்டும் என்று நான் வாயால் சொல்கிறேன். அவர் வரைகிறார். ஒரு ஷீட்டில் இரண்டு கை. தன்யகுமார் இரண்டு பேரையும் ஓரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

மதியம் முழுக்க ஒன்பதாவது ஷீட்டோடு போராடினோம். கண் வெளியே வரும் அந்த இடம். இமை முதலில் போகட்டும், கருவிழி பின்னால் வரட்டும் என்றேன். "அப்ப பயமுறுத்தும்க்கா" என்றார். கருவிழி முதலில் போனால் விழுந்துவிடும் போல இருக்கும் என்றேன். "அவ புள்ளயத் தேடுறா. விழுந்தாத்தான் என்ன?" என்றார். யோசித்தேன். சரி, வரைந்து பார் என்றேன்.

பென்சில் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ, அறையின் அந்தக் கோடியிலிருந்து வருவது போல. நான் சுவரைப் பார்த்து, சத்தமாக, "துரை, முடிஞ்சுதா?" என்றேன்.

"ஏன்க்கா கத்துறீங்க?"

தூக்கிவாரிப் போட்டது. தலையைத் திருப்பினேன், இன்னும் திருப்பினேன். என் முழங்கையில் இடிக்கிற மாதிரி, என் மேஜையிலேயே, என் இடப்பக்கத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார்.